தண்ணீர் எப்போது ஏறியது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் அண்ணனும், தாங்கள் தலைமையாசிரியராக வீற்றிருக்கும் பள்ளியின் ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியனுமான அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும் என் தங்கையும் என் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் வக்கீலம்மாவும் சுகமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறீர்கள்? இன்று காலையில்கூட கடைவாசலில் உங்களைப் பார்த்தேன். நீங்கள்தான் என்னைக் கண்டதும் சட்டென்று திரும்பி, கடைக்காரரிடம் துடைப்பத்துக்கு விலை கேட்பதில் மும்முரமாகிவிட்டீர்கள். வீட்டில் நல்ல துடைப்பம் இரண்டு இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் கொடுத்த மெமோ கிடைத்தது. விடைத்தாள்களைத் திங்கட்கிழமை காலைக்குள் விடைக்குறிப்பின்படி மறுபடி திருத்தித் தர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இதைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே பேசலாம் என்றால் அங்கே நீங்கள் சார். சாரை எதிர்த்துப் பேசக்கூடாது. வீட்டுக்கு வந்து பேசலாம் என்றால் அங்கே நீங்கள் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசவே கூடாது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள இரண்டு தெருதான், அங்கே நீங்கள் துடைப்பம் வாங்குகிறீர்கள். ஆகவே இந்தக் கடிதம். இது பதில் விளக்கமா, ராஜினாமாவா, குடும்பக் கடிதமா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. நீங்கள் எந்தக் கோப்பில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அறையில் என் முதுகுக்குப் பின்னால், 'தங்கச்சியக் கட்டிக் குடுத்து வேலை வாங்கினவர்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நான் அங்கே நாற்காலி தேய்த்து எவ்வளவோ காலம் கழித்துத்தான் நீங்கள் வரலாறு நடத்த வந்தீர்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். என் சாப்பாட்டு டப்பாவில் கைவைத்து, "யாரு சார் சமையல்? உங்க தங்கச்சியா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் உங்களைத் 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி மாப்பிள்ளை ஆனார், மாப்பிள்ளை தலைமையாசிரியர் ஆனார், நான் அதே நாற்காலியில் இருக்கிறேன். வேலியில் போன ஓணானைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. உறவை நினைத்து அதை இங்கே எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஒரு அறை இருக்கிறது, அதற்குள் பழைய பெஞ்சுகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துச் சாமான்கள் எல்லாம் உங்கள் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டிய பூட்டோடு பெற்றோர்கள் பார்வைக்கு இருக்கின்றன. நுண்ணோக்கியை வாங்கிய அன்றைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதன் வழியாக யாரும் எதையும் பார்த்ததில்லை. ஒரு தடவை குடுவை ஒன்று வேண்டுமென்று கேட்டதற்கு, "உடைஞ்சா பள்ளிச் சொத்து சார்" என்றீர்கள். அதற்கு மறுவாரம் நீங்களே தூசி தட்டும்போது கீழே போட்டு உடைத்தது மட்டும் எப்படியோ பழைய குடுவை ஆகிவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லி வைத்தவர்கள், மைத்துனன் உடைத்தால் என்ன குடம் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நான் என் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் அறிவியல் நடத்துகிறேன். கண்ணாடி டம்ளர், தட்டு, புனல், வடிகட்டி என்று ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்துக்குக் குடிபோய்விட்டது. "வீட்டுக்கு யாராவது வந்தா தண்ணி குடுக்க ஒரு நல்ல டம்ளர் இல்ல. உங்க ஏழாங்கிளாஸ்ல போய் குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பட்டுமா?" என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. என்னைச் சுற்றியுள்ள பெண்கள் எல்லாருமே நியாயமான கேள்விதான் கேட்கிறார்கள்.

பயறு முளைக்க வைத்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். வெளிச்சம் இருந்தால்தான் செடி வளரும் என்று பாடம். ஒரு டப்பாவை ஜன்னலில் வைத்தோம், இன்னொன்றை அட்டைப்பெட்டிக்குள் மூடி வைத்தோம். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் ஜன்னல் பயறு குட்டையாக நிற்கிறது, இருட்டுப் பயறு வெளிறிப்போய், நோஞ்சானாக, ஆனால் இரண்டு மடங்கு உயரமாக நிற்கிறது! வெளிச்சத்தைத் தேடித்தான் அப்படி நீண்டது, உடம்பில் சத்து இல்லை, இன்னும் கொஞ்ச நாளில் செத்துப்போகும், பொறுத்திருந்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பொறுத்திருக்க விட்டால்தானே? நீங்கள் ரவுண்ட்ஸ் வந்தீர்கள். "என்ன சார் இது, புத்தகத்துக்கு நேர்மாறா வளர்ந்திருக்கு? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? உயரமா இருக்கறதைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றீர்கள். நான் தூக்கிப் போடவில்லை. ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டியே இல்லை, இரண்டு டப்பாவும் ஜன்னலில் ஜோடியாக நிற்கின்றன. பியூனைக் கேட்டேன். "பாவம் சார், பச்சப் பிள்ளை மாதிரி இருட்டுல கெடந்துச்சு. மனசு கேக்கல" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. மொத்தப் பள்ளியிலும் அந்தச் செடிக்காக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெழுகுவர்த்திப் பாடத்துக்கு வந்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று புத்தகம் சொல்கிறது. கடைசி பெஞ்சில் எப்போதும் கட்டிப்புரளும் இரண்டு பேர், உன் மெழுகுவர்த்தியா என் மெழுகுவர்த்தியா என்று சண்டை போட்டார்கள். தொல்லை விட்டால் போதும் என்று, "ரெண்டையும் வைங்கடா" என்றேன். அந்த டம்ளரில் தண்ணீர் மற்ற டம்ளர்களைவிட மேலே ஏறி நின்றது. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. மெழுகுவர்த்தி இரண்டானால் டம்ளருக்குள் பிராணவாயு இரண்டு மடங்காகிவிடுமா என்ன? அப்போதுதான் உங்கள் மகள் கையைத் தூக்கினாள். உங்களுக்கே தெரியும், பள்ளிக் கேட்டுக்கு உள்ளே சார், வெளியே மாமா என்று அவளுக்கு நாம் சட்டம் போட்டிருக்கிறோம், அவள் அதை ஒரு நாளும் உருப்படியாகக் காப்பாற்றியதில்லை. "மாமா... இல்ல, சார், எரியும்போது தண்ணி ஏறவே இல்லையே. அணைஞ்ச பிறகுதானே குபுக்குன்னு ஏறுச்சு?" என்றாள். மறுபடி வைத்துப் பார்த்தோம். மறுபடியும் அணைந்த பிறகுதான் ஏறியது. பிராணவாயு தீரத் தீரத் தண்ணீர் ஏறுவது உண்மையானால் எரியும்போதே அல்லவா கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும்? வக்கீலம்மா என்று அவளுக்கு நான் வைத்த பெயர் வீண்போகவில்லை. எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது, அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, அப்போது வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, அதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னதோடு வாயை மூடியிருக்கலாம். "பார்த்ததை எழுதுங்க. புத்தகம் அது இருக்கற இடத்துல இருக்கட்டும்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். நீங்கள் ஒத்திகை நடத்தினீர்கள். நாடகத்துக்குக்கூட அப்படி ஒரு ஒத்திகை நடந்திருக்காது. யார் கை தூக்குவது, யார் பதில் சொல்வது, எந்த இடத்தில் எல்லாரும் வியந்து 'ஆ' என்பது எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. பிள்ளைகள் சந்தேகம் கேட்கும் பள்ளி என்று பெயர் வர வேண்டுமே, அதற்காகச் சந்தேகம் கேட்க ஒரு பையனை நியமித்து, சந்தேகத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தீர்கள். பயத்தில் அவன், அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்ததுமே எழுந்துவிட்டான். "ஐயா! மெழுகுவர்த்தி ஏன் அணைந்தது?" நான் இன்னும் பற்றவைக்கவே இல்லை. அதிகாரி மெழுகுவர்த்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி, பற்றவைத்ததும் சொல்கிறேன்" என்று சமாளித்தேன். பற்றவைத்தேன், கவிழ்த்தேன், அணைந்தது, ஏறியது. எல்லாரும் 'ஆ' என்றார்கள். அதோடு முடிந்திருக்கும். நியமனம் ஆகாத ஒரு கை மேலே போனது. யாருடைய கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று வகுப்பில் கேட்ட அதே கேள்வியை அவள் கேட்டதும் அதிகாரி, "அட, பரவால்லையே" என்று உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் வரலாறு படித்தவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அது... அடுத்த வகுப்புல வரும்" என்றீர்கள். "எட்டாங்கிளாஸ் புக்கையும் பார்த்துட்டேம்ப்பா, அதுல இல்ல" என்றாள். சாராவது மண்ணாவது, 'அப்பா' என்று கூப்பிட்டேவிட்டாள்! அதிகாரி என் பக்கம் திரும்பினார். புத்தகத்தில் உள்ள காரணம் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், சிரித்துக்கொண்டே கைகொடுத்தார், சிரித்துக்கொண்டே பார்வையாளர் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார்: 'இவ்வகுப்பில் மாணவர்கள் பாடநூலில் இல்லாததைக் கவனிக்கின்றனர். கட்டுப்பாடு தேவை.'

பிறகு பரீட்சை. அதே கேள்விதான் வந்தது. பாதிப் பேர் புத்தகத்தில் உள்ளதை எழுதினார்கள், பாதிப் பேர் பார்த்ததை எழுதினார்கள். நான் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன். புத்தகத்தை நம்பியது பிள்ளைகள் குற்றமில்லை, கண்ணை நம்பியதும் குற்றமில்லை. உங்கள் மகள் எழுதிய பதிலை நீங்கள் படித்தீர்களோ இல்லையோ, இங்கே அப்படியே தருகிறேன்: 'மெழுகுவர்த்தி எரிந்தபோது தண்ணீர் ஏறவில்லை. அணைந்த பிறகு ஏறியது. இரண்டு மெழுகுவர்த்தி வைத்தபோது இன்னும் அதிகமாக ஏறியது. ஆகவே புத்தகத்தில் உள்ள காரணம் எனக்குப் புரியவில்லை. சாரிடம் கேட்டேன். காற்று குளிர்ந்து சுருங்குவதால் என்றார். அதையும் நாங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.' மாப்பிள்ளை, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை காலம் இந்த வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். புத்தகத்தை நம்பாதே என்றேன், பிள்ளை என்னையும் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. என் மனைவி கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

பெற்றோர்கள் வந்து உங்கள் அறையில் கத்தியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு அம்மா, "ரெண்டு பதிலும் சரின்னா அப்புறம் எதுக்கு சார் பரீட்சை?" என்று கேட்டார். ஒரு அப்பா, "நாளைக்குப் பெரிய பரீட்சையில போய் கண்ணால பார்த்தேன்னு எழுதினா மார்க் போடுவாங்களா? நீங்க வந்து வாங்கிக் குடுப்பீங்களா?" என்றார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களிடம் உடனே பதில் இருந்தது. பார்த்ததை எழுதியவர்கள் அத்தனை பேருக்கும் முட்டை போடச் சொன்னீர்கள். "என் பொண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன் சார். நான் பாரபட்சம் பார்க்கறவன் இல்ல" என்றும் சொன்னீர்கள். அந்த நேர்மையை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாம் அந்தச் சுரைக்காயைத்தான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறோம், கறி எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு முட்டை போடுகிறோம்.

என் மனைவி, "பேசாம அந்த மார்க்கக் குறைச்சிட்டு வந்து சாப்பிடுங்க. ஊர்ல இருக்கற தண்ணி எப்ப ஏறினா உங்களுக்கு என்ன?" என்கிறாள். என் தங்கையும் ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள். அண்ணன் பக்கமும் பேச முடியாமல், புருஷன் பக்கமும் பேச முடியாமல் அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் முடியாது மாப்பிள்ளை. நான் எத்தனையோ விஷயத்தில் வளைந்து கொடுத்தவன், உங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன், உங்கள் அலமாரிக்குத் தூசி துடைத்தவன். அந்தக் கடைசி வரியின் மேல் சிவப்பு மையில் கோடு போட என் கை வராது. வேறு யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாளை முதல் நான் வரமாட்டேன். அலமாரிச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, அதனால் ஒப்படைக்க என்னிடம் எதுவும் இல்லை. வகுப்பில் இருக்கும் டம்ளர்களை மட்டும் பியூனிடம் கொடுத்தனுப்பினால் என் மனைவி உங்களை வாழ்த்துவாள்.

என் தங்கையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். வக்கீலம்மாவுக்கு என் ஆசிகள், அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். உங்களுக்கும் பதவிக்கும் குறைவில்லாமல் நல்ல ஆயுளும், இனிமேல் புத்தகத்தோடு பொருந்தியே வரும் சோதனைகளும் அமைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
(முன்பு தங்களைத் 'தம்பி' என்று அழைத்தவன்)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வக்கீலம்மா வந்தாள். அம்மா சாப்பிடவில்லை, அப்பா பேசவில்லை என்றாள். பிறகு வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "சார், என் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். என் வீட்டுக்குள் நின்று அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "எதுக்கும்மா?" என்றேன். "அந்தப் பதிலை மாத்தி எழுதித் தர்றேன். மத்தவங்ககிட்டயும் பேசிட்டேன், எல்லாரும் காலைல பெல் அடிக்கறதுக்கு முன்னாடி வந்து மாத்திடறோம்னாங்க. முட்டையும் போட வேணாம், நீங்களும் போக வேணாம். நீங்க போயிட்டா மெழுகுவர்த்தி யாரு கொண்டுவருவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கடைசி வரி உட்பட எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயுவை ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். யாரும் கேட்காமலே படமும் போட்டாள். படத்தில் மெழுகுவர்த்தி நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது, தண்ணீரும் ஏறி நிற்கிறது, அச்சு அசலாகப் புத்தகத்தில் உள்ளது போலவே. முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்தால் மறுபடி எழுதத் தைரியம் வராது என்பதால் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், ஆனால் மேலே உள்ளதை எல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். டம்ளர்களை அனுப்ப வேண்டாம். நாளைக் காலை வழக்கம்போல் வந்துவிடுகிறேன், சார்.